சமூக ஊடகத்தில்தான் பிழைப்பு, அங்கேதான் மனமும் தேய்கிறது: விலகாமல் சமாளிப்பவர்கள் சொல்லுங்கள்

சுங்குடி மகள், மகால் பகுதி, மதுரை

வணக்கம். நான் வீட்டிலிருந்து சுங்குடிச் சேலை விற்கிறேன். தனியாகக் கடை இல்லை. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படம் போடுவேன், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும், கூரியரில் அனுப்புவேன். கைமுடிச்சுச் சேலை மட்டும்தான் எடுக்கிறேன். அச்சு, மெழுகு பிரின்ட் எடுப்பதில்லை.

முதலிலேயே ஒரு வேண்டுகோள். "போனைத் தூக்கிப் போடுங்கள், நிம்மதி வரும்" என்று யாரும் எழுதாதீர்கள். நான் விலகினால் எனக்கு முடிச்சுப் போட்டுத் தரும் பெண்களுக்கும் அந்த மாதம் வருமானம் இல்லை.

என்னைத் தேய்ப்பது மிரட்டலோ ஆபாசமோ அல்ல. அவை வந்தால் அந்த ஆளைத் தடை செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். தினமும் வரும் சின்னச் சின்னக் குத்தல்கள்தான் தாங்க முடியவில்லை. "இந்த விலைக்குப் பட்டே எடுக்கலாமே." "விளக்குத்தூண் பக்கம் போனால் இதில் பாதி விலை." "சாயம் போகும், யாரும் வாங்காதீர்கள்." இதை எழுதியவர் என்னிடம் ஒரு சேலைகூட வாங்கியதில்லை. "புள்ளி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கிறதே, தரம் இல்லை." ஐயா, புள்ளியெல்லாம் ஒரே அச்சாக இருந்தால்தான் அது கைவேலை இல்லை! துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்கி, காயவைத்து, பிறகு முடிச்சை அவிழ்க்கிறோம். புள்ளிகள் முன்பின்னாகத்தான் இருக்கும், துணி அந்த இடத்தில் சற்று எழும்பி நிற்கும். நெருக்கமான வேலை என்றால் ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் முடிச்சு. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே இந்தக் கைகளால்தான். கேள்வியாகக் கேட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் சந்தோஷமாகப் பதில் சொல்வேன். தீர்ப்பாக எழுதிவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு முடிச்சுப் போடும் ஓர் அக்கா இருக்கிறார். சிறு வயதிலிருந்து இந்த வேலை செய்கிறவர். தன் கைப்பட்ட சேலை வந்திருக்கிறதா என்று பேத்தியின் போனில் என் பக்கத்தைப் பார்ப்பார். போன மாதம் அவர் போட்ட பச்சைச் சேலைக்குக் கீழே ஒருவர், "இது மிஷின் பிரின்ட், கைவேலை என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்" என்று எழுத, அதற்குப் பலர் லைக் போட்டிருந்தார்கள். பேத்தி அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. அடுத்த துணியைக் கொண்டுபோனபோது, "வேண்டாம்மா, இப்போதெல்லாம் கண் தெரிவதில்லை" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இதற்கு மேல், தினமும் ரீல்ஸ் போட வேண்டும் என்ற நெருக்கடி. கொஞ்சம் இடைவெளி விட்டால் பார்ப்பவர்கள் எண்ணிக்கை சரிகிறது. நாட்டில் எது நடந்தாலும் "இதைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை" என்று சேலைப் படத்துக்கு அடியில் வந்து கேட்கிறார்கள். இரவு படுத்த பிறகும் கை போனைத் தேடுகிறது. தொழிலை விடாமல் இதைச் சமாளிப்பவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பெரியாறு பாசனம், மேலூர்

மகளே, எழுதாதே என்று சொன்னதையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எங்கள் காலத்தில் நெசவுக்காரர்கள் போன் இல்லாமல்தான் விற்றார்கள். சித்திரைத் திருவிழாவையொட்டித் தமுக்கத்தில் பொருட்காட்சி நடக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் 1935 முதல் கைத்தறிக்கென்றே இருக்கிறது. நேரில் வந்து துணியைத் தொட்டுப் பார்க்கிறவன் இப்படிப் பேச மாட்டான். 2020இல் டிக்டாக்கைத் தடை செய்தபோது உலகமே முடிந்துவிட்டது போல என் அண்ணன் மகன் புலம்பினான். பிறகு மறந்துபோனான். இல்லாமல் இருந்து பழகலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சுங்குடி மகள்

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. பொருட்காட்சி வருடத்தில் சில வாரம்தான். ஸ்டால் வாடகையும் உண்டு. என்னிடம் வாங்குபவர்களில் பாதிக்கு மேல் கோயம்புத்தூர், பெங்களூரு, சிங்கப்பூர்க்காரர்கள். அவர்கள் தமுக்கத்துக்கு வர முடியாது. டிக்டாக் போனபோது உங்கள் அண்ணன் மகன் இழந்தது பொழுதுபோக்கு. அதில் சம்பாதித்தவர்கள் வேறு இடம் தேடி அலைந்தார்கள்.

வைகை வடகரை, கோரிப்பாளையம்

அக்கா, ஜவுளிக்கடை, நகைக்கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பாரம் குறையும் என்பது என் நம்பிக்கை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கோபம் அங்கே தானாகப் பரவுவதில்லை. 2016இல் பேஸ்புக் லைக்கோடு கோபம், சிரிப்பு, சோகம் முதலிய முகங்களையும் கொண்டுவந்தது. 2017 முதல் அந்த முகங்களில் ஒவ்வொன்றையும் ஐந்து லைக்குச் சமமாக எண்ணி, யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று கணக்கிட்டார்கள். கோப முகத்துக்கும் அதே மதிப்பு. எரிச்சலூட்டும் பதிவு அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் பொய்யும் வன்மமும் கலந்து வருகிறது என்று அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, கோப முகத்தின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து 2020இல் பூஜ்யம் ஆக்கினார்கள். 2021இல் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்ததால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிய வந்தது. உங்கள் பச்சைச் சேலைக்கு அடியில் கூடிய கூட்டம் முழுவதும் உங்கள் மேல் வெறுப்பு கொண்டு வந்ததாக எண்ணாதீர்கள். சண்டை நடக்கும் இடத்துக்கு ஆட்களை அழைத்துவரும் ஏற்பாடு ஒன்று பின்னால் ஓடுகிறது.

ஆகவே முதல் வேலை, குத்தலுக்குக் கீழே பதில் எழுதி வாதாடுவதை நிறுத்துங்கள். உங்கள் பதிலும், அதற்கு அவர் தரும் பதிலும், நடுவில் புகுந்தவர் எழுதுவதும் எல்லாம் அந்தப் பதிவுக்கு வந்த கருத்துகளாகவே எண்ணப்படும்.

இரண்டாவது, இன்ஸ்டாகிராமில் 2019 முதல் 'கட்டுப்படுத்து' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருவரைக் கட்டுப்படுத்தினால் அவர் புதிதாக எழுதும் கருத்து அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். நீங்கள் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். தடை செய்தால் இன்னொரு கணக்கில் வருவார்கள், இதில் அவருக்கே தெரியாது. திரும்பத் திரும்ப வருகிற ஆட்களுக்கு இதுதான் சரி.

மூன்றாவது, சொல் வடிகட்டி. நீங்கள் பட்டியலிடும் சொல் உள்ள கருத்து தானாக மறைந்துவிடும். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். 'ஏமாத்து' என்ற ஒரே சொல்லை ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். நிறுவனம் தானாக வைத்திருக்கும் வடிகட்டியில் இவை சிக்குவதில்லை. கையால் ஒவ்வொரு வடிவத்தையும் சேர்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் நாள்தோறும் பலன் தெரியும். 'விலை' போன்ற சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள், உண்மையான வாடிக்கையாளரும் மறைந்துவிடுவார்.

தினசரி ரீல்ஸ் பற்றி: நான் கையாளும் கடைகளில் திரும்பத் திரும்ப வாங்குபவர்கள் ரீல்ஸ் பார்த்து வருபவர்கள் அல்லர். அவர்களை வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் சேருங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும், அதாவது உங்களை விரும்புகிறவர்களுக்கு. புதுச்சேலை வந்ததும் முதலில் அங்கே காட்டுங்கள்.

சிம்மக்கல் கறிதோசை

தம்பி சொன்னது அத்தனையும் நடைமுறையில் பார்த்தவன் நான். அப்பா காலத்துக் கடை எங்களுடையது. ஒரு யூடியூப்காரர் மூன்று மணி நேரம் காத்திருந்தது போலப் பேசி, எண்ணெய் சரியில்லை என்று காணொளி போட்டார். பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. அதற்குப் பிறகு கல்லாவில் உட்கார்ந்து அப்பா செய்த ஒரே வேலை, கூகுளில் நட்சத்திரம் எண்ணுவது. இடியாப்பம் தீர்ந்துபோனதற்கு ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தரநிலை ஒன்று, ஐஎஸ் 19000, வந்திருக்கிறது என்று வழக்கறிஞர் நண்பர் சொன்னார். மதிப்புரை எழுதுபவர் உண்மையான ஆளா என்று தளங்கள் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. அப்பா தட்டை ஒதுக்கிவைத்த இரவில் எந்தத் தரநிலையும் உதவவில்லை.

உசிலைப் பள்ளி ஆசிரியர்

தொழில் செய்பவர்கள் பேசும் இடத்தில் என் கவலையையும் வைக்கிறேன். என் மாணவர்களுக்கு விற்கச் சேலை இல்லை. ஆனால் நெருக்கடி இதே அளவு. பத்தாம் வகுப்புப் பையன் இரவு வைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சாதிப் பெருமைப் பாட்டு. எதிர்த் தெருப் பையன் அதற்குப் போட்டியாக இன்னொன்று. காலையில் பஸ்ஸில் முறைப்பு, மாலையில் ஸ்டாண்டில் கைகலப்பு. அந்தப் பாட்டை வைக்காத பையனைத்தான் எனக்கு அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது. "நீ ஏன் வைக்கவில்லை, பயமா" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். சகோதரியிடம் "ஏன் வாயைத் திறக்கவில்லை" என்று கேட்பதும் இதுவும் ஒரே வகை அதட்டல். சும்மா இருக்கும் உரிமையைப் பறிக்கிறார்கள். படிக்கிற பிள்ளை சும்மா இருக்கட்டும். சேலை விற்கிறவர் சேலை விற்கட்டும். இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

சமணமலை, கீழக்குயில்குடி

எல்லோரும் ஒரு பக்கமே பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். என் மனைவி கைமுடிச்சு என்று நம்பி இணையத்தில் வாங்கிய சேலை பிரின்ட்டாக வந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் சாயம் வெளிறிக் கிடந்தது. பணம் திரும்பவில்லை. அப்படி ஏமாந்தவர் அடுத்து எந்தச் சுங்குடியைப் பார்த்தாலும் சந்தேகப்படத்தான் செய்வார். சகோதரி பக்கத்தில் எழுதியவர்களில் இப்படிச் சூடுபட்டவரும் இருக்கலாம். அவர்களையும் வடிகட்டியில் போட்டுவிட்டால் நல்ல வியாபாரிக்கும் மோசடிக்காரருக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

குஜராத்தில் பந்தனித் துணியை முடிச்சு அவிழ்க்காமலே விற்பது உண்டு. வாங்கியவர் வீட்டில் இழுத்துப் பிரித்துக்கொள்வார், கைவேலைக்கு அதைவிடச் சான்று வேண்டாம். நீங்கள் முந்தானை ஓரத்தில் ஒரு வரிசையை மட்டும் அவிழ்க்காமல் விட்டு அனுப்பிப் பாருங்கள்.

சுங்குடி மகள்

சமணமலை அண்ணன், நியாயமான பேச்சு. பிரின்ட்டைக் கைமுடிச்சு என்று விற்பவர்கள் மேல் உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம். அவர்கள் செய்வதற்கு அடி வாங்குவது முடிச்சுப் போடும் பெண்கள். முந்தானை யோசனை அருமை. அக்காவின் கைமுடிச்சுதான் அதில் போக வேண்டும் என்று மனம் கேட்கிறது.

இரவுப் பணி, கே.கே.நகர்

நான் மனநலப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர். பணி முடிந்து வந்து இந்த உரையாடல் முழுவதையும் வாசித்தேன். தொழில்நுட்ப வழிகளைத் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் மனத்தின் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

"நூறு பேர் பாராட்டினாலும் அந்த ஒருவர் சொன்னதே ஓடுகிறது, எனக்கு மனபலம் இல்லை" என்று நிறையப் பேர் சொல்லக் கேட்கிறேன். இது பலவீனம் அல்ல. 2001இல் ராய் பாமைஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் நிறைய ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, கெட்ட அனுபவம் நல்லதைவிட மனத்தை வலுவாகப் பிடிக்கிறது என்று எழுதினார்கள். எல்லோருக்கும் பொதுவான அமைப்பு அது. 2012 ஜனவரியில் பேஸ்புக் 6,89,003 பேரிடம் ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டது. நல்ல சொற்கள் உள்ள பதிவுகளைக் குறைத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் தாங்கள் எழுதியதிலும் நல்ல சொற்கள் சற்றுக் குறைந்தன. மிகச் சிறிய மாற்றம்தான், பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் அவர்களைக் கேட்காமலே செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

என் அனுபவத்தில் உதவிய வழி ஒன்று: வேலையைச் செய்தவர் கருத்துகளை வாசிக்கக் கூடாது. வாசிப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். கையால் செய்தவருக்கு அந்தச் சொல் உடம்பில் படும். வேறொருவருக்கு அது வெறும் வாசகம். வீட்டில் நம்பகமான ஒருவர் நாளுக்கு ஒருமுறை, பகலில், எல்லாவற்றையும் பார்க்கட்டும். கேள்விகளையும் உண்மையான குறைகளையும் மட்டும் தாளில் எழுதி உங்களிடம் கொடுக்கட்டும். குறையை மறைக்க வேண்டாம், அதைச் சுற்றியிருக்கும் முள்ளை மட்டும் எடுத்துவிட்டுத் தரட்டும். கறிதோசைத் தம்பி, அப்பாவிடமிருந்து அந்த நட்சத்திரக் கணக்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லா அவரிடம் இருக்கட்டும்.

சகோதரி, அந்த அக்காவைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அவருக்கு வந்த வசை மட்டும் போனில் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாங்கியவர்கள் உங்களிடம் சொல்லும் நல்ல வார்த்தை வாட்ஸ்அப்பில் உங்களோடு நின்றுவிடுகிறது. அவர் போட்ட சேலையைக் கட்டியவர்களிடம் ஒரு குரல் பதிவு கேட்டு வாங்கி, நேரில் போய்ப் போட்டுக் காட்டுங்கள். வேலைக்கு வா என்று அன்றைக்குக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. சலிப்பு வேறு, நோய் வேறு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பசி இல்லை, பிடித்த வேலையிலும் கை ஓடவில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் அது ரீல்ஸ் பிரச்சினை என்று தள்ளாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் இயங்கும் அரசு உதவி எண், கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நேரில் வர வேண்டுமென்றால் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

பெரியாறு பாசனம், மேலூர்

செவிலியர் அம்மா சொன்னதை வாசித்த பிறகு மகளிடம் ஒன்று கேட்கிறேன். என் வீட்டுக்காரிக்கு ஒரு சேலை வேண்டும். அரக்கு நிறம், முந்தானையில் முடிச்சு அவிழ்க்காமல். அந்த அக்கா எப்போது துணி எடுக்கிறாரோ அப்போது போதும். அதுவரை காத்திருப்பாள். பணத்தை முன்னால் அனுப்பிவிடுகிறேன்.

சுங்குடி மகள்

ஐயா, பணம் இப்போது வேண்டாம். உங்கள் வார்த்தையை அவரிடம் சொல்கிறேன்.

மற்றவர்களுக்கும் செய்தி: கல்லூரியில் படிக்கும் சித்தி மகள் கருத்துகளை வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள், மாதம் ஒரு தொகை கொடுக்கிறேன். முதல் தாளில் நான்கே வரிதான் எழுதித் தந்தாள். அதில் ஒன்று உண்மையான குறை: துவைக்கும் முறையைப் பார்சலில் எழுதி வைக்கவில்லை. முதல் முறை தனியாக, குளிர்ந்த நீரில், நிழலில் காயவைக்கச் சொல்லி அட்டை அடிக்கக் கொடுத்துவிட்டேன். முடிச்சு அவிழும் காணொளியைப் பக்கத்தின் மேலேயே நிறுத்தியிருக்கிறேன். கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு குரல் பதிவு அனுப்பினார். அக்கா அதை இரண்டு முறை போடச் சொன்னார். துணி இன்னும் வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வைகை வடகரைத் தம்பி, சொல் வடிகட்டிக்கு உங்களிடம் ஏற்கெனவே பட்டியல் இருந்தால் தர முடியுமா? நான் யோசித்துச் சேர்த்தவை போதவில்லை.

வைகை வடகரை, கோரிப்பாளையம்

என்னிடம் இருப்பது நகைக்கடைக்கானது அக்கா. 'சேதாரம்', 'செய்கூலி' என்று உங்களுக்குத் தேவையில்லாத சொற்கள் நிறைய. துணிக்கும் உணவுக்கும் தனித்தனியாக வைப்போம். உங்கள் பக்கத்தில் வந்த வசைச்சொற்களை, ஆங்கில எழுத்தில் எப்படி வந்ததோ அப்படியே, உங்கள் சித்தி மகளையே எனக்குத் தனிமடலில் அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். கறிதோசை அண்ணனும் அனுப்பட்டும். ஆசிரியர் ஐயா, மாணவர்கள் பக்கம் புழங்கும் சாதி வசைகளுக்கு உங்கள் உதவி வேண்டும், அவை எல்லாத் தொழிலுக்கும் தேவைப்படும். சனிக்கிழமைக்குள் வந்தால் ஞாயிறு மாலை ஒரே கோப்பாக்கி இங்கேயே இணைக்கிறேன்.